தூரத்துத் தங்கச்சி

காசநோய்ப் பிரிவில் களப்பணியாளராகச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன்பு ஒன்பது வருடம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். கணுக்கால் வீங்கி செருப்பு நுழையாமல் போன பிறகு, நிற்கிற வேலையை விட நடக்கிற வேலை தேவலை என்று விண்ணப்பம் போட்டாள். கிடைத்தது நிஜமாகவே நடக்கிற வேலைதான். காலை ஆறரைக்குக் கிளம்பினால் பதினோரு வீடு, பதினோரு நோயாளி. உறையைப் பிரித்து அன்றைய மாத்திரைகளைக் கையில் கொடுத்து, கண்ணெதிரே விழுங்கவைத்து, அட்டையில் அன்றைய கட்டத்தில் ஒரு டிக் அடிக்க வேண்டும். ஆறு மாதம் ஒரு நாள் விடக் கூடாது. இரண்டே வருடத்தில் அந்த வட்டாரத்தில் அவளுக்கு மாத்திரையக்கா என்று பெயர் விழுந்துவிட்டது.

பயிற்சியின்போது கொடுத்த பச்சை அட்டைக் கையேட்டின் நான்காம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. மருந்தளிப்பவர் நோயாளியின் குடும்ப உறுப்பினராகவோ உறவினராகவோ இருத்தல் கூடாது. பயிற்சி கொடுத்தவர் காரணமும் சொன்னார். உறவு என்றால் இரக்கம் வரும். இரக்கம் வந்தால் இன்றைக்கு ஒரு நாள் போகட்டும் என்று தோன்றும். ஒரு நாள் மூன்றாகும், அரைகுறையாக மருந்து கண்ட கிருமி பிறகு எந்த மருந்துக்கும் அடங்காது. வகுப்பில் இருந்தவர்களில் மாத்திரையக்காதான் இதற்கு வேகமாகத் தலையாட்டினாள். அவள் கணவருக்கு ரத்தக்கொதிப்பு. தினமும் அவள்தான் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், அவரும் முழுங்கிவிட்டேன் என்பார். சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து மாத்திரை கரைந்து மாவாக வரும். பெண்டாட்டி சொன்னால் எந்தப் புருஷன் கேட்கிறான் என்று அவள் அனுபவத்தில் கண்டிருந்தாள்.

தையல்காரர் அவளுடைய எட்டாவது வீடு. வீடு என்றால் மாடியில் ஒன்றரை அறை. படிக்கட்டுக்கு அடியில் கடை, ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். புதுத் துணி தைப்பதில்லை, ஆல்ட்ரேஷன் மட்டும்தான். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. குண்டூசி குத்திய பேன்ட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்கும். ஐம்பது வயது, கிண்டல் பேச்சுக்காரர். நோய் வந்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது. சளிப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று அவர் டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, தெருவுக்குத் தெரியுமா என்பதுதான். மனைவிக்கும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகளுக்கும் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னபோதுகூட அவர் முகம் தெளியவில்லை.

முதல் பத்து நாள் அவர் மாத்திரையக்காவின் முகத்தையே பார்க்கவில்லை. இரும்பு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு விழுங்குவார். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்பது விதி. அதுதான் அவருக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பல் பார்ப்பது போல இருக்கிறது என்று முனகுவார். மாத்திரையக்கா குனிந்து உள்ளே பார்ப்பாள். டிக் அடித்துவிட்டு ஒன்பதாவது வீட்டுக்குப் போய்விடுவாள்.

பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, அவர் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்த நேரம் ஒரு வாடிக்கையாளர் ஷட்டருக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்தார். யாரிது, காலங்கார்த்தாலே என்று கேட்டார். தையல்காரர் வாயை மூடிக்கொண்டு, யோசிக்காமல் சொன்னார்.

"தங்கச்சிங்க. தூரத்துத் தங்கச்சி. சித்தப்பா வழி."

எனக்குப் பல்வலி, பார்க்க வந்திருக்கிறாள் என்றும் சேர்த்துக்கொண்டார். வாடிக்கையாளர் பேன்ட்டை வாங்கிக்கொண்டு போனார். மாத்திரையக்கா டிக் அடித்தாள். ஒரு பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

சொல் அப்படியே நின்றுவிடவில்லை. அடுத்த நாள் தையல்காரர், ஆள் யாரும் இல்லாதபோதும், வா தங்கச்சி என்றார். சலவைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஒரு விடுமுறை நாளில் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எனக்கு நாத்தனார் முறை, இத்தனை வருஷம் நாத்தனார் தொல்லை இல்லாமல் நிம்மதியாக இருந்தேனே என்று சிரித்தாள். அன்றிலிருந்து டீ சூடாக இல்லை என்றால், நாத்தனார் குறை சொல்லத்தான் செய்வாங்க என்று கிண்டல். மகள் அத்தை என்றாள். மாத்திரையக்காவின் கணவர் ஒரு நாள் தன் யூனிஃபார்ம் பேன்ட்டின் இடுப்பைத் தளர்த்த அந்தக் கடைக்குப் போனார். லிஃப்ட் மெக்கானிக், குனிந்து நிமிர்கிற வேலை. தையல்காரர் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு, தங்கச்சி சோறு நல்லாத்தான் போடுது போல என்று இடுப்பளவை எடுத்தாராம். அவர் வீட்டுக்கு வந்து, உனக்கு அண்ணன் இருக்கிறதாக நீ சொல்லவே இல்லையே என்று கேட்டார். மாத்திரையக்கா நாலு தங்கைகளுக்கு மூத்தவள். தங்கச்சி என்று யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

ஒன்று மட்டும் அவளுக்குக் கண்கூடாகத் தெரிந்தது. தங்கச்சி என்று ஆனபிறகு அவர் முரண்டு பிடிக்கவில்லை. ஷட்டர் முழுவதும் திறந்திருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கேட்காமலே வாயைத் திறந்து, பார்த்துக்கோ, உள்ளே ஒண்ணும் ஒளிச்சு வைக்கல என்பார். எடை நாலு கிலோ ஏறியது.

மூன்றாம் மாதத்தில் அது நடந்தது. அன்றைக்கு அவருக்கு விடியற்காலையிலிருந்து குமட்டல். தையல் மெஷினின் மேல் தலை சாய்த்துக் கிடந்தார். மாத்திரையைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு தங்கச்சி, நாளைக்கு நீ நாலு போடச் சொன்னாலும் போடறேன் என்றார். வேறு எந்த நோயாளியாக இருந்தாலும் அவள் அரை மணி நேரம் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்து, விழுங்கவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அன்று என்னவோ மனம் வரவில்லை. சரி, படுங்க என்று சொல்லிவிட்டாள். அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கட்டம் காலியாக இருந்தால் காரணம் எழுத வேண்டும், மருத்துவமனையிலிருந்து ஆள் வரும், அவரை இழுத்தடிப்பார்கள். டிக் அடித்துவிட்டாள். அந்த நாளின் உறை அவள் பையின் அடியில் கிடந்தது. ஒன்பதாவது வீட்டுக்குப் போகிற வழியில்தான் நான்காம் பக்கத்து விதி நினைவுக்கு வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை மேற்பார்வையாளர் வந்தார். வடக்கே வளர்ந்தவர், தலைநகரத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். கையில் ஒரு படிவம் வைத்திருந்தார். வீட்டில் உள்ளவர்களைத் தனித்தனியாக விசாரித்து நிரப்ப வேண்டிய படிவம். மாத்திரையக்காவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மருந்து கொடுப்பவர் உங்களுக்கு யார் என்ற கேள்விக்குத் தையல்காரர் தங்கச்சி என்றார். மாடியில் மனைவி நாத்தனார் என்றாள். படியில் இறங்கி வந்த மகள், அத்தை வெளியே நிற்கிறாங்க, கூப்பிடவா என்று கேட்டாள்.

மேற்பார்வையாளர் வெளியே வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"மூணு பேரும் தனித்தனியாத்தான் சொன்னாங்கம்மா. மூணும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் பொருந்துது. பொய்யா இருந்தா எங்கயாவது இடிக்குமில்ல?"

"அது உறவு இல்ல சார். எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்."

"அப்போ சொந்தத் தங்கச்சிய எப்படிக் கூப்பிடுவீங்க?"

அவள் யோசித்தாள். "அதையும் தங்கச்சின்னுதான் சார்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தான் வளர்ந்த பக்கம் தெரியாதவர்களை சார், மேடம் என்பதோடு சரி, இந்த ஊருக்கு வந்த நாளாகத் தனக்கே டீக்கடையில் ஒருவர் மாமா என்றும் பஸ்ஸில் ஒருவர் பெரியப்பா என்றும் சொல்வதைக் கேட்டுக் குழம்பிப்போயிருப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனாலும் கேட்டதை எழுதாமல் இருக்க முடியாது என்றார்.

ஒரு வாரத்தில் ஓலை வந்தது. உறவினருக்கு மருந்தளித்தது விதிமீறல், விளக்கம் தேவை. விளக்கத்தோடு, உறவில்லை என்பதற்கு ஆதாரமும் இணைக்க வேண்டும். மாத்திரையக்கா வார்டு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். எழுத்தர் தாளை இரண்டு முறை படித்தார். உறவுமுறைச் சான்று கொடுக்கப் படிவம் இருக்கிறது, உறவில்லை என்று கொடுக்க எந்தப் படிவமும் இல்லை, கொடுக்க ஆரம்பித்தால் ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் பற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். நோயாளி ஒரு தாளில் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்.

பிரிவு அலுவலகத்தில் கேட்டு வாங்கிய தாளை மறுநாள் காலை தையல்காரரிடம் நீட்டினாள். எங்களுக்குள் ஒட்டோ உறவோ கிடையாது என்று தட்டச்சு செய்திருந்தது. அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தாளைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சிறுத்துப்போனது.

"வாயால கூப்பிட்டதைக் கையால இல்லைன்னு எழுதணுமா? சரி, அதைக்கூட எழுதிடறேன். சாட்சிக்கு ரெண்டு பேர்னு போட்டிருக்கே. யார்கிட்ட நீட்டுவேன்? என்ன வியாதின்னு மேலயே எழுதியிருக்கு."

மாத்திரையக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தாளின் தலைப்பிலேயே பிரிவின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. தங்கச்சி என்ற சொல் எதை மறைக்கப் பிறந்ததோ அதைத் திறந்து காட்டினால்தான் தங்கச்சி இல்லை என்று நிரூபிக்க முடியும். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்று விடுமுறையில் இருந்த அவர் மனைவி மேலேயிருந்து, நாத்தனாரே என்று கூப்பிடாமல், போயிட்டு வாங்க என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை முடியும்வரை அந்த ஒரு வீட்டுக்கு வேறு வார்டிலிருந்து ஒரு ஆளைப் போட்டார்கள். மாத்திரையக்காவுக்குப் பத்து வீடு மட்டும். ஏழாவது வீட்டிலிருந்து ஒன்பதாவது வீட்டுக்குப் போக அந்தத் தெருதான் வழி. அவள் சுற்றிக்கொண்டு போனாள். ஐந்தாவது நாள் நெஞ்சக மருத்துவமனைக்கு அட்டைகளைக் கொண்டுபோனபோது டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, உன்னுடைய பழைய தையல்காரர் நாலு நாளாக மருந்து எடுக்கவில்லையாம், கடையையே திறப்பதில்லையாம், என்ன விஷயம் என்று கேட்டார்.

அவள் நேராக அங்கே போனாள். கையில் மாத்திரை இல்லை. அட்டை இல்லை. எந்த முகத்தோடு போகிறோம் என்று நடக்கும்போதே குழப்பமாக இருந்தது. கதவைத் திறந்த தையல்காரர் மனைவி, எழுதிக் கொடுத்தாச்சா, ஒட்டும் இல்ல உறவும் இல்லைன்னு என்று கேட்டுவிட்டு, உடனே, உள்ளே வாங்க, அவர் படுத்திருக்கார் என்றாள்.

புதிய ஆளிடம் என்ன குறை என்று தையல்காரரிடம் கேட்டாள். குறை ஒன்றும் இல்லையாம், நல்ல பையனாம். தம்பி என்று கூப்பிட்டதற்கு, நான் உங்க தம்பி இல்லைங்க, என்னைப் பணியாளர்னு கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டானாம். மாத்திரையக்காவுக்கு அதன் காரணம் தெரியும். அவள் விஷயம் பெரிதான பிறகு, ஊழியர்களை உறவு சொல்லி அழைப்பதை அனுமதிக்க வேண்டாம் என்று எல்லா வார்டுக்கும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"முன்னப்பின்ன தெரியாதவன் முன்னாடி தினம் வாயைத் திறந்து காட்ட எனக்கு வரல. நீயும் முன்னப்பின்ன தெரியாதவதான். ஆனா வந்துச்சு. ஏன்னு கேக்காதே."

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நீங்கள் குமட்டுது என்று கும்பிட்ட அன்றைக்கு நான் மாத்திரை கொடுக்காமலே டிக் அடித்தேனே, தெரியுமா என்று கேட்டாள். அவருக்குத் தெரியாது. கட்டத்தைக் காலியாக விட்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தார். அதற்காகத்தான் அந்த விதியே போட்டிருக்கிறார்கள், உறவு என்று வந்தால் இப்படி ஆகும் என்றுதான், அவர்கள் சொன்னது அப்படியே என் விஷயத்தில் நடந்துவிட்டது, ஆனால் நீங்களோ உறவு இல்லாவிட்டால் முழுங்கவே மாட்டேன் என்கிறீர்கள், எதை நான் சரி என்று சொல்வது என்று கொட்டித் தீர்த்தாள். டிக் அடித்தது தெரிந்தால் உனக்கு வேலை போகுமா என்று தையல்காரர் கேட்டார். போகலாம் என்றாள்.

அவர் எழுந்து சட்டை மாட்டினார். அந்தத் தாளைக் கொடு என்று வாங்கி, தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். படியிறங்கிப் பக்கத்துச் சாவிக் கடைக்காரரிடம் போய், தாளை அவர் முன்னால் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். சாவிக் கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்தார். தலைப்பில் அவர் கண் நிற்கவே இல்லை.

"இதுக்கு எதுக்குண்ணே இப்படி நிக்கறீங்க? அந்தம்மா தோள்ல தொங்கற பையில கொட்டை எழுத்துல எழுதியிருக்கே. மூணு மாசமா எல்லாரும்தான் பாக்கறோம்."

எதிர் டீக்கடைக்காரரும் அதையே சொன்னார். நீங்களாகச் சொல்லாதபோது நாங்கள் எப்படிக் கேட்பது என்றார். பல்வலி என்ற கதையை நம்பியது போலவே தெரு முழுக்கத் தலையாட்டி வந்திருக்கிறது. தையல்காரர் அங்கே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மாத்திரையக்கா தன் பையைப் பார்த்தாள். தினமும் தோளில் மாட்டுகிற பை. நோயின் பெயர் உள்ளங்கை அகலத்துக்கு நீல எழுத்தில் இருந்தது. இது எப்படித் தன் கண்ணில் படாமல் போயிற்று என்று அவளுக்கு விளங்கவே இல்லை. இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். உறவில்லை என்றுதானே கையெழுத்து, அப்படியானால் இனிமேல் இந்தம்மாவை நாங்கள் எப்படிக் கூப்பிடுவது என்று டீக்கடைக்காரர் நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்.

தாள் போய்ச் சேர்ந்தது. விளக்கம் ஏற்கப்பட்டு எட்டாவது வீடு மறுபடி அவளிடம் வந்தது. டாக்டரம்மாவிடம் அந்தப் பொய் டிக்கையும் தனியாகச் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா வெகுநேரம் அட்டையைப் பார்த்தார். விட்டுப்போன நாட்களைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்துவிடு என்றார். டிக்கை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அதன் மேல் கோடு போட்டு நீக்கிவிட்டுப் பக்கத்தில் காரணம் எழுது என்றவர், என்ன காரணம் எழுதுவாய் என்று தானே கேட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி ஒரு முறை நடக்கக் கூடாது என்பதை மட்டும் அழுத்தமாகச் சொன்னார்.

ஐந்தாம் மாதம் புதிய சுற்றறிக்கை வந்தது. பல இடங்களில் நோயாளிகள் பாதியில் நின்றுவிடுவதால், இனிக் குடும்பத்தினரோ உறவினரோ மருந்தளிக்கலாம், அதுவே விரும்பத்தக்கது என்று அதில் இருந்தது. மாத்திரையக்கா அதை மூன்று தடவை படித்தாள். மேற்பார்வையாளரே போனில் பேசினார். அன்று அந்த வீட்டில் சொன்ன பதில்களை வைத்து உறவினர் என்று உங்களையே போட்டுவிடலாம் என்று பார்த்தேன், ஆனால் இப்போது உறவே இல்லை என்று சாட்சிக் கையெழுத்தோடு ஃபைலில் இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். ஆகவே பதிவேட்டில் தையல்காரரின் மனைவி மருந்தளிப்பவர் ஆனாள். அவளோ காலை ஆறு மணிக்குச் சலவைக் கூடத்துக்குக் கிளம்பிவிடுவாள். எனவே மாத்திரையக்கா ஒன்பதாவது வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து முழுங்கவைப்பதும், மாலையில் வந்து மனைவி டிக் அடிப்பதுமாக நடந்தது. இது விதிப்படியா, விதிமீறலா என்று மாத்திரையக்கா யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு தாள் வரும் என்று பயந்தாள்.

சேர்த்துக் கொடுத்த நாட்களும் முடிந்து, கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அட்டையை மூடிக் கையெழுத்து வாங்கினாள். மறுநாளிலிருந்து எட்டாவது வீடு வேறு தெருவில் வேறொருவர் வீடாகிவிட்டது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் குடும்பம் அவள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியது. அவள் காலையிலிருந்து தரையைத் துடைத்தாள், நாற்காலிகளை மாற்றி மாற்றிப் போட்டாள். எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம், உன் அண்ணன்தானே என்று கணவர் கேட்டபோது அவரை முறைத்தாள். மூன்று பேரும் சலவை மடிப்புக் கலையாத உடையில் வந்து உட்கார்ந்தார்கள். வழக்கமாக அவள் போய் நின்றதும் மாத்திரை, தண்ணீர், வாயைத் திற என்று ஏதாவது ஒரு வேலை இருக்கும். இப்போது ஒரு வேலையும் இல்லை. அவள் கணவர்தான் பேன்ட் தளர்வாக வசதியாக இருப்பதாகச் சொல்லிச் சமாளித்தார். மகள் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீயை வாயில் வைத்த தையல்காரர் இருமினார். ஒரு முறை, இரண்டு முறை, பிறகு நிற்காமல். அவர் மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். மாத்திரையக்கா எழுந்துவிட்டாள். எழுந்தவள் எங்கே போவது என்று தெரியாமல் அறை நடுவே நின்றாள். கை தானாகத் தோளைத் தடவியது, பை அங்கே இல்லை.

"புரையேறிடுச்சு," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சூடு. வேற ஒண்ணும் இல்ல."

அவள் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். அவர் குடித்தார். குடித்து முடித்ததும் என்ன நினைத்தாரோ, டம்ளரை நீட்டியபடி வாயை நன்றாகத் திறந்து அவளிடம் காட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, தன்னையறியாமல், குனிந்து உள்ளே பார்த்தாள்.